ஜூலு பால் பாத்திரங்களில் மரு போன்ற புடைப்புகள் ஏன்? வெறும் அலங்காரமா?

அலங்காரம்தான், ஆனால் அது மட்டும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் ங்குனி மக்களில் ஒரு பிரிவினர் ஜூலுக்கள். பால் கறக்க அவர்கள் மரபாகப் பயன்படுத்திவந்த 'இத்துங்கா' என்ற உயரமான பாத்திரம் ஒரே மரக்கட்டையில் குடைந்தது. கறப்பவர் அதை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்வார். வழுக்கிவிடாமல் பிடிப்புக் கொடுப்பவை பக்கங்களில் உள்ள முண்டுகளும் புடைப்புப் பட்டைகளும்.

இந்தப் புடைப்புகளுக்கு 'அமசும்பா' என்று பெயர். பொருள் மருக்கள். எதையும் ஒட்டுவதில்லை, சுற்றியுள்ள மரத்தைச் செதுக்கி எடுத்துவிட, சின்னச் சின்ன கூம்புகள் வரிசையாக எழுந்து நிற்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தப் பொறுமைதான், ஒரு வெட்டு தவறினால் வரிசையே கெட்டுவிடும். சிலர் இந்தப் புடைப்புக் கூட்டத்தை மாட்டு மந்தையாகவும் பார்க்கிறார்கள். மாடே செல்வமாக இருந்த சமூகத்தில் அது இயல்பு.

அப்புறம், மரத் தலையணைகளிலும் இதே அமசும்பா உண்டு. அவற்றில் சில, கால்களோடு நிற்கும் மாட்டையே நினைவூட்டும். மணப்பெண் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோகும் பொருள்களில் தலையணையும் ஒன்று. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டு மரத்தைக் கருக்குவதும் வழக்கம்.