கேள்வி பதில்: ஐந்து கிளைகளும் ஒரே டிபிகான்டெக்ஸ்டும்

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கொள்முதல் கடைகளுக்காக சி ஷார்ப்பில் மென்பொருள் எழுதுகிறேன். தரவுத்தளத்தோடு பேசும் டிபிகான்டெக்ஸ்டை மெத்தட்தோறும் அனுப்பாமல், ஓர் ஓட்டத்துக்குரிய மதிப்பைத் தாங்கிச்செல்லும் ஏசிங்க்லோக்கலில் வைத்துத் தேவைப்படும் இடத்தில் எடுத்துக்கொள்கிறேன். ஐந்து கிளைகளின் அன்றாடக் கணக்கை வேலைகளைத் தனித்தனி ஓட்டங்களாகத் தொடங்கும் டாஸ்க்.ரன் மூலம் ஒரே நேரத்தில் முடிக்கும்போது, முதல் வேலை முடியுமுன் இரண்டாவது தொடங்கிவிட்டதாகச் சில நாள்களில் மட்டும் பிழை வருகிறது. ஒரு நேரத்தில் ஓர் ஓட்டத்தை மட்டும் உள்ளே விடும் லாக் போட்டால் போதுமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: போதாது. பிழை வராத நாள்களின் கணக்கையும் சரிபாருங்கள். டிபிகான்டெக்ஸ்ட் ஒரே நேரத்தில் பல த்ரெட்கள் (இணையாக ஓடும் செயலோட்டங்கள்) பயன்படுத்தும்படி அமைக்கப்பட்டதன்று. டிபிகான்டெக்ஸ்டைத் தரும் நூலகமான என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் இத்தகைய மோதலை எல்லா வேளையிலும் கண்டுபிடிப்பதில்லை என்பதால், பிழைச் செய்தியே இல்லாமல் தரவு கெட்டுப்போகவும் கூடும்.

டாஸ்க்.ரன் தொடங்கும்போது ஏசிங்க்லோக்கலின் மதிப்பும் புதிய ஓட்டத்துக்குச் செல்கிறது. அங்கே அதை மாற்றினால் அதைத் தொடங்கிய தாய் ஓட்டம் பாதிக்கப்படாது என்பது உண்மைதான். ஆனால் மாற்றாதவரை ஐந்து ஓட்டங்களும் சுட்டுவது ஒரே ஆப்ஜெக்டைத்தான். லாக் தொகுதிக்குள், ஒரு வேலை முடியக் காத்திருக்கும் அவெயிட்டை எழுத முடியாது. அவெயிட்டோடு பயன்படுத்தத்தக்க பூட்டான செமஃபோர்ஸ்லிம் போட்டு வரிசைப்படுத்தினாலும், டிபிகான்டெக்ஸ்ட் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஏடு ஒன்றே என்பதால், ஒரு கிளைக்காக அழைக்கும் சேவ்சேஞ்சஸ் இன்னொரு கிளையின் அரைகுறைப் பதிவையும் சேர்த்தே எழுதிவிடும்.

ஒவ்வொரு டாஸ்க்கின் முதல் வரியிலும் ஏசிங்க்லோக்கலை வெறுமையாக்கி, அந்தக் கிளைக்கென்று புதிய டிபிகான்டெக்ஸ்டை உருவாக்குங்கள். 2020இல் வந்த என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் 5.0 பதிப்பு முதல் இதற்கென்றே ஐடிபிகான்டெக்ஸ்ட்ஃபேக்டரி இருக்கிறது. ஏசிங்க்லோக்கல் மதிப்பு புதிய ஓட்டத்துக்குச் செல்வதையே நிறுத்தும் எக்ஸிகியூஷன்கான்டெக்ஸ்டின் சப்ரெஸ்ஃப்ளோவைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது மற்ற ஏசிங்க்லோக்கல் மதிப்புகளையும் சேர்த்தே தடுத்துவிடும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். தாய் ஓட்டத்தில் எடுத்த என்டிட்டிகளைக் (பதிவுகளைத் தாங்கும் ஆப்ஜெக்டுகளைக்) கையளிக்காமல், கிளையின் எண்ணை மட்டும் அனுப்புங்கள்.

இப்படிச் செய்தால் ஐந்து கிளைகளுக்கும், முழுதாக முடியும் அல்லது முழுதாக ரத்தாகும் தொகுப்பான தனித்தனி டிரான்சாக்‌ஷன் என்றாகிவிடும். ஒன்று தவறினால் ஐந்தும் ரத்தாக வேண்டும் என்பது கடைக்காரரின் தேவையானால், இணையோட்டத்தையே கைவிட்டு, ஒரே டிபிகான்டெக்ஸ்டில், ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் கிளைகளை ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பதே முறை. இணையாக ஓட்டுவதானால், தாய் ஓட்டம் தன் டிரான்சாக்‌ஷனை முன்னதாகவே கமிட் செய்து (உறுதிப்படுத்தி) முடித்திருக்க வேண்டும். இல்லையேல் எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தின் இயல்பு அமைப்பில், தாய் பூட்டிவைத்த அட்டவணை வரிசைக்காகக் கிளையும், கிளை முடிவதற்காகத் தாயும் காத்திருந்து, 30 விநாடி கழித்து டைம்அவுட் பிழைதான் வரும்.