கேஸ் நிரப்புவதா, ஹீட் பம்பையே மாற்றுவதா?

கேள்வி: எங்கள் வீட்டைச் சூடாக்கும், குளிர்விக்கும் ஹீட் பம்ப்புக்கு 11 வயதாகிறது. சென்ற ஆண்டு, அதனுள் வெப்பத்தைச் சுமந்து சுற்றும் கேஸ் குறைந்துவிட்டதென்று நிரப்பினார்கள்; இந்த ஆண்டும் அதே குறை. இப்போது வந்த மெக்கானிக், வெளி யூனிட்டில் பனி படிவதைக் காட்டி, கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரஸர் போய்விட்டது, முழுவதையும் மாற்றிவிடுங்கள் என்கிறார். நம்பலாமா?

பதில்: பனியை வைத்து மட்டும் நம்ப வேண்டாம். வீட்டைச் சூடாக்கும்போது வெளி யூனிட்டின் குழாய்ச்சுருளான ‘காயில்’ வெளிக்காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால் அதில் மெல்லிய பனி படிவது இயல்பே. இயந்திரம் அவ்வப்போது சில நிமிடங்கள் எதிர்த்திசையில் இயங்கி அதைத் தானே உருக்கிக்கொள்ளும். அப்போது எழும் ஆவியைப் புகை என்று எண்ணிப் பதறுபவர்களும் உண்டு. ‘காயில்’ முழுவதையும் மூடிய பனிக்கட்டி பல மணி நேரம் உருகாமல் நின்றால்தான் அது பழுது. அதற்கும் வெப்பநிலையைக் காட்டும் உணரியோ, கேஸ் ஓடும் திசையை மாற்றும் வால்வோ, கேஸ் குறைவோ காரணமாக இருக்கலாம்.

கேஸ் என்பது வாகனத்துக்கு ஊற்றும் எரிபொருளைப் போலத் தீர்ந்துபோவதன்று. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கசிவைத் தேடாமல் சென்ற ஆண்டு நிரப்பியதை நான் பழுதுபார்ப்பு என்று சொல்லமாட்டேன். நைட்ரஜன் அழுத்தச் சோதனை செய்து, கசியும் இடத்தை அடைத்து, வெற்றிட பம்ப்பால் குழாய்களை உலர்த்தி, இயந்திரத்தில் ஒட்டிய பெயர்ப்பலகையில் குறித்த எடைக்கு எடைபோட்டு நிரப்புவதே முறை.

கம்ப்ரஸர் போய்விட்டது என்பவரிடம் அளவீட்டைக் கேளுங்கள்: அதன் மோட்டார் சுருள்களின் மின்தடை எவ்வளவு, கம்ப்ரஸரின் உலோக உடலோடு மின்கசிவு உண்டா? கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வர்ட்டர் இல்லாத பழைய வகைகளில், அதை ஓடத் தொடங்க உதவும் கெப்பாசிட்டர் என்னும் சிறு உதிரிப்பாகம் கெட்டாலும் கம்ப்ரஸர் உறுமிவிட்டு ஓடாமல் நின்றுவிடும். உத்தரவாதச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். கம்ப்ரஸருக்கு மட்டும் கூடுதல் ஆண்டுகள் தரப்பட்டிருக்கலாம், ஆனால் கூலி பெரும்பாலும் அதில் அடங்காது.

கசிவு குழாய் இணைப்பில் இருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள். கம்ப்ரஸர் உண்மையாகவே எரிந்திருந்தால், இவ்வகை இயந்திரங்கள் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் உழைப்பவை என்பதால், மாற்றுவதே என் பரிந்துரை. பெயர்ப்பலகையில் ஆர்-22 என்னும் பழைய வகைக் கேஸின் பெயர் இருந்தால் தயங்கவே வேண்டாம். ஓசோன் படலத்தைக் காக்கும் 1987-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் அந்த வாயு படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. அதற்குப் பதிலாக வேறு வாயுவை நிரப்பித் தருகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள்.

புதிதை வாங்கும்போது, பழையதன் திறனையே கண்ணை மூடிக்கொண்டு கேட்காமல், அறைகள், சன்னல்கள், சுவர், கூரையின் வெப்பக் காப்பு ஆகியவற்றை அளந்து கணக்கிடச் சொல்லுங்கள். தேவைக்கு மீறிய திறனுள்ள இயந்திரம் அடிக்கடி ஓடி நின்று, தேய்மானத்தையும் மின்செலவையும் கூட்டும். ஃபில்டரை மாதம் ஒருமுறை பாருங்கள். வெளி யூனிட்டைச் சுற்றிச் செடியும் சாமானும் நெருங்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.