அந்த நாற்பது மார்க்

கேள்வி: உங்கள் பகுதியைப் பல வருடமாகப் படித்துவருகிறேன் அம்மா. எனக்கு வயது 20. பி.சி. பிரிவு, தனியார் பள்ளியில் படித்தவன். 2024 நீட் தேர்வில் 720க்கு 412, 2025ல் 389. இப்போது கோச்சிங் போய்க்கொண்டே மூன்றாவது முறை எழுதப்போகிறேன். மாக் டெஸ்ட்டில் 430லிருந்து 450 வரை வருகிறது. ஒரே ஒரு முறை 502 வந்தது. அப்பா கேட்டால் மட்டும் வந்ததோடு ஒரு நாற்பது சேர்த்துச் சொல்வேன், அவர் மனசு கஷ்டப்படக் கூடாதே என்றுதான். கோச்சிங்குக்காக அவர் சொசைட்டியில் ஒன்றரை லட்சம் கடன் எடுத்திருக்கிறார். தங்கையும் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள், என் ரிசல்ட் வந்ததும் அவளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். அரசுக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கிடைக்க எனக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு? கிடைக்காவிட்டால் இருக்கும் இடத்தை விற்று நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கலாம் என்கிறார் அப்பா. நேர்மையாகச் சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உன் வயதில் எனக்குப் பேரன் இருக்கிறான். அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கட்-ஆஃப், கோச்சிங், இடத்தை விற்பது எல்லாம் எனக்குப் பழகிய விஷயங்கள். வருடா வருடம் ரிசல்ட் வந்த வாரத்தில் இந்த மேஜைமேல் இதே கடிதங்கள்தான் குவியும். என்னை நிறுத்தியது நடுவில் நீ போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன வரி. அப்பா கேட்டால் மட்டும் நாற்பது சேர்த்துச் சொல்வாயாம். அடுத்த வரியிலேயே அவர் வாங்கிய கடனைப் பற்றி எழுதுகிறாய். அதற்கடுத்த வரியில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் தங்கை. இந்த மூன்று வரிக்கும் ஒன்றோடு ஒன்று சம்பந்தம் இருப்பது எழுதும்போது உனக்குத் தெரியவே இல்லையா? முடிக்கும்போது என்னிடம் நேர்மை வேறு கேட்கிறாய்!

உன் கடிதத்துக்கு மறுபக்கத்துக் கடிதமும் எனக்கு வரும். அப்பாக்கள் எழுதுவது. "மாக் டெஸ்ட்டில் 500க்குக் குறையாமல் எடுத்தான் அம்மா, பரீட்சையில் 430 போட்டிருக்கிறார்கள், திருத்தியதில் ஏதோ கோளாறு, எங்கே முறையிடுவது?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் அவர்களோடு சேர்ந்து நானும் ஆதங்கப்பட்டேன். இப்போது ஒன்றே ஒன்றுதான் பதில் எழுதுகிறேன்: விடைக்குறிப்பு வெளிவருகிறது, பிள்ளை வட்டம் நிரப்பிய விடைத்தாளான ஓ.எம்.ஆர். தாளின் நகலும் வருகிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்து நீங்களே கூட்டிப் பாருங்கள். கூட்டிப் பார்த்தவர்களில் ஒருவர்கூட எனக்குத் திருப்பி எழுதியதில்லை. கோளாறு வேறு எங்கோ இருந்திருக்கிறது என்று அந்த வீடுகளில் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

நாளைக்கு டாக்டராகி நோயாளியிடமும் இப்படித்தான் கூட்டிக் குறைத்துச் சொல்வாயா என்று கேட்கப்போகிறேன் என நினைக்காதே. அது சுலபமான கேள்வி. உனக்கும் பதில் தெரியும். நான் கேட்பது வேறு. அந்த நாற்பது மார்க்குக்கு உன் வீட்டில் யார் காசு கொடுக்கிறார்கள்?

அப்பா காதில் விழுவது 440 இல்லை, 480. மகன் கரையை ஒட்டி வந்துவிட்டான், இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டால் ஏறிவிடுவான் என்று அவருக்குத் தோன்றுகிறது. அதனால்தான் இரண்டாவது தோல்விக்குப் பிறகும் யோசிக்காமல் கடனுக்குக் கையெழுத்துப் போட்டார். அதனால்தான் இடத்தை விற்கிற பேச்சு. மகள் ஒரு வருடம் பொறுத்தால் என்ன என்று தோன்றியதும் அதனால்தான். 440 என்று தெரிந்திருந்தால் அவர் வேறு மாதிரிக் கணக்குப் போட்டிருக்கலாம், போடாமலும் இருந்திருக்கலாம். அது அவர் முடிவு. அந்த முடிவை அவரிடமிருந்து நீ எடுத்துக்கொண்டாய். மனசு கஷ்டப்படக் கூடாது என்கிறாய். ரிசல்ட் வருகிற அன்று மொத்தமாகப் படட்டும் என்பதுதானே இதற்கு அர்த்தம்?

கடன் வாங்கிப் படிக்கவைப்பவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் நான் பழைய காலத்து மனுஷி. பிள்ளை தோற்கலாம், மூன்று முறைகூடத் தோற்கலாம், அதில் ஒரு வெட்கமும் இல்லை. நீட் எழுத உச்ச வயது வரம்பும் இல்லை, இத்தனை முறைதான் என்ற கட்டுப்பாடும் இல்லை. ஆனால் பெற்றவர் கண்ணைக் கட்டிவிட்டு அவர் பணத்தில் தோற்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உன் அப்பாவையும் விடப்போவதில்லை. இந்தப் பக்கத்தை அவரும் படிப்பார் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஐயா, "எவ்வளவு வந்தது?" என்று கேட்டால் பிள்ளை ஒரு எண்ணைச் சொல்வான். "பேப்பரைக் கொண்டு வா, எங்கே விட்டாய் என்று பார்க்கலாம்" என்று கேட்டிருந்தால் அவனால் கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. உங்களுக்கு இயற்பியல் புரிய வேண்டியதே இல்லை. சிவப்பு வட்டம் எத்தனை என்று எண்ணத் தெரிந்தால் போதும். அப்புறம், மகளை நிறுத்திவைத்தது எந்த ஊர் நியாயம்?

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். சதவீதம் சொல்ல மாட்டேன். ஒரு கடிதத்தைப் படித்துவிட்டுச் சதவீதம் சொல்கிறவர்கள் உனக்கு எதையோ விற்க வந்தவர்கள். ஆனால் வாய்ப்பைக் கணக்கிட வழி இருக்கிறது. நீ அதைத் தொடவே இல்லை.

இரண்டு வருடத்து மார்க்கை எழுதியிருக்கிறாய். அகில இந்திய ரேங்க்கை எங்கேயும் எழுதவில்லை. 412லிருந்து 389க்கு இறங்கிவிட்டோம் என்று நீயும் அழுதிருப்பாய், வீட்டிலும் திட்டியிருப்பார்கள். இரண்டு ரேங்க் கார்டையும் எடுத்துப் பக்கத்தில் வை. மார்க் குறைந்த வருடத்தில்தான் ரேங்க் முன்னே வந்திருக்கும். 2024ல் 600 மார்க் எடுத்தவரின் ரேங்க் எண்பதாயிரத்தை ஒட்டி இருந்தது. 2025ல் இயற்பியல் எல்லோரையும் புரட்டிப்போட்டது, முதலிடத்துக்கே 686தான். அந்த வருடம் அதே 600க்கு ரேங்க் சுமார் ஆயிரத்து முந்நூறு! ஒரே மார்க்குக்கு இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, போன வருடம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு எத்தனைக்குக் கிடைத்தது என்று கேட்டு என்ன பயன்? நீ ரேங்க்கில் முன்னேறியிருக்கிறாய். அதுகூடத் தெரியாமல் நாற்பது சேர்த்துக்கொண்டிருக்கிறாய்.

மாநில கவுன்சலிங்கில் அதைவிட முக்கியமானது உன் பிரிவில் நீ எத்தனையாவது என்பது. தமிழகத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகள் 36, அவற்றில் எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் ஐயாயிரம். அதில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மீதியில் 7.5 சதவீதம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, நீ தனியார் பள்ளி என்பதால் அதில் வர மாட்டாய். மிச்சம் உள்ளவை 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி பிரியும். மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஒவ்வொரு வருடமும் தரவரிசைப் பட்டியலை வெளியிடுகிறது. யாருக்கு எந்தக் கல்லூரி ஒதுக்கினார்கள் என்ற பட்டியலும் சுற்றுக்குச் சுற்று வெளியாகிறது. போன வருடப் பட்டியலில் உன் 389 எந்த இடத்தில் இருக்கிறது, பி.சி. பிரிவில் அரசுக் கல்லூரி கடைசியாகக் கிடைத்தவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று பார். நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணு. அரை மணி நேர வேலை. நீ தாண்ட வேண்டியது அந்த வரிசையைத்தான். முதல் சுற்றோடு நிறுத்தாமல் கடைசிச் சுற்றுவரை பார், சிலர் வேறு இடம் கிடைத்துப் போவதால் வரிசை கொஞ்சம் நகரும்.

தகுதி பெற்றுவிட்டோம் என்ற சொல்லில் ஏமாறாதே. 2025ல் பொதுப் பிரிவில் தகுதிக்கு 144 மார்க் போதும். நாடு முழுக்க 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தகுதி பெற்றார்கள். அரசு, தனியார் எல்லாம் சேர்த்து எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒன்றே கால் லட்சத்தை ஒட்டித்தான்.

இப்போது மாக் டெஸ்ட். அந்த 502ஐ அடித்துவிடு. தெரிந்த கேள்விகளாக வந்த அதிர்ஷ்டம் அது. கடைசியாக எழுதிய பத்து முழுத் தேர்வுகளின் சராசரியை எடு. அதுவும் நிஜத் தேர்வு நடக்கிற மதியம் 2 முதல் 5 வரை உட்கார்ந்து, ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் நிரப்பி எழுதியவற்றை மட்டும் சேர். காலையில் ஃபேன் காற்றில் இடையில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு எழுதியது கணக்கில் வராது. வருகிற சராசரியில் தேர்வு அறைப் பதற்றத்துக்காக ஒரு பத்து பதினைந்தைக் கழித்துக்கொள். நீ சொல்கிற எண்களை வைத்துப் பார்த்தால் 430ஐ ஒட்டி நிற்பாய். 2025 மாதிரிக் கடினமான பேப்பர் வந்தாலும் பி.சி. பிரிவில் அரசுக் கல்லூரிக்கு அது போதாது. 2024 மாதிரி வந்தால் பேச்சே இல்லை. இதுதான் நீ கேட்ட நேர்மையான பதில்.

இனி அந்த நாற்பதைப் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் உன் மூன்றாவது முயற்சியே அதில்தான் ஒளிந்திருக்கிறது. சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. தவறாக நிரப்பிய கேள்வி ஒன்று சரியாக மாறினால் கிடைப்பது நான்கு இல்லை, ஐந்து. அப்படியென்றால் நாற்பது மார்க் என்பது எட்டுக் கேள்வி. 180 கேள்வியில் எட்டு. கடைசி மாக் டெஸ்ட் தாளை எடுத்துத் தவறுகளை மூன்றாகப் பிரி: தெரியாமல் விட்டது, தெரிந்தும் அவசரத்தில் விட்டது, இரண்டு விடையில் ஒன்றைக் குத்துமதிப்பாகப் போட்டது. மூன்றாவது குவியலைப் பார்த்தாலே போதும், எட்டுக் கேள்வி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அநேகமாகப் பாதி உயிரியலில் இருக்கும், பாடப்புத்தகத்தில் படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிற வரியாக இருக்கும். 720ல் 360 உயிரியல். சம மார்க் வந்தால் முதலில் பார்ப்பதும் உயிரியல் மார்க்கைத்தான்.

இதை இத்தனை மாதம் செய்யாமல் இருந்ததற்கு ஒரே காரணம் இருக்கிறது. அப்பாவிடம் சொல்லும்போதே அந்த எட்டுக் கேள்வியும் சரியாகிவிட்டது. சரியாகிவிட்ட கேள்வியை யார் திரும்பப் படிப்பார்கள்?

நிகர்நிலைப் பல்கலைக்கழகம் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் கேட்கிற இடங்கள் அவை. நாலரை வருடத்தில் விடுதி, சாப்பாட்டோடு ஒரு கோடியைத் தொடும். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரே இடத்தை ஒரு பிள்ளையின் படிப்புக்கு விற்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்தப் பிள்ளை முதல் ரேங்க் வாங்கியிருந்தாலும் இதையே சொல்வேன். அதில் தங்கைக்கும் பங்கு இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்பு என்று யாராவது வீட்டுக்கு வந்தால், திரும்பி வந்து எழுத வேண்டிய தேர்வில் நூற்றுக்கு எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று மட்டும் கேள். பேச்சை மாற்றுவார்கள்.

சித்த மருத்துவமும் பல் மருத்துவமும் இதே நீட் ரேங்க்கில்தான். கால்நடை மருத்துவத்துக்கும் நர்சிங்குக்கும் நம் மாநிலத்தில் ப்ளஸ் டூ மார்க்கே போதும். உன் ப்ளஸ் டூ மார்க்கையும் நீ எழுதவில்லை. விண்ணப்பிக்கிற காலத்தில் எல்லாவற்றுக்கும் போட்டுவை, எது வேண்டும் என்று பிறகு யோசிக்கலாம்.

உன் தங்கைக்கு என்ன படிக்க ஆசை என்று இவ்வளவு நீளக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. உனக்கே தெரியுமா என்று சந்தேகமாக இருக்கிறது.

இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் கடைசிப் பத்து விடைத்தாளையும் எடுத்து அப்பா முன்னால் வை. தங்கையும் பக்கத்தில் இருக்கட்டும். "இதுவரை நாற்பது சேர்த்துச் சொன்னேன், உண்மையில் வந்தது இவ்வளவுதான்" என்று சொல். அழுதால் அழுதுகொள், காரணம் மட்டும் சொல்லிக்கொண்டிருக்காதே. அவர் கோபப்படுவார். ரெண்டு நாள் பேச மாட்டார். அதைத் தாங்கிக்கொள்வது உன் பொறுப்பு. மூன்றாவது நாள் அவரே வந்து இனி என்ன செய்யலாம் என்று கேட்பார். அப்போது முதலில் பேச வேண்டியது உன் நீட்டைப் பற்றி இல்லை, வருகிற கல்வியாண்டில் அவளை எங்கே சேர்ப்பது என்பதைப் பற்றி.

தேர்வு முடிந்ததும் எனக்கு மறுபடி எழுது. மார்க் வேண்டாம், ரேங்க்கை எழுது. தங்கைக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்பதையும்.