டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்ய ஷெல் ஸ்கிரிப்ட் போதுமா?

மலேசியாவின் இலவச ஒளிபரப்பைக் குறித்த நேரத்தில் லினக்ஸ் கணினியில் பதிவு செய்ய ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும். பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது. அம்மாவுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மதிய ஷிப்ட். அவர் வீடு திரும்புவதற்குள் டிவி2 தமிழ்ச் செய்தி முடிந்துவிடும். சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்க்க வேண்டும் அவருக்கு.

ஆண்டெனா சிக்னலைக் கணினிக்குள் கொண்டுவரும் யூஎஸ்பி டியூனரை வாங்கும்போது டிவிபி-டி2 (DVB-T2, டிஜிட்டல் ஒளிபரப்பு முறை) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2019 அக்டோபரோடு அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது. இப்போது வருவது டி2. வெறும் 'டி' டியூனருக்கு அது பிடிபடாது.

டிவிபிவி5-ஸ்கேன் (dvbv5-scan) என்ற கட்டளையை ஒருமுறை ஓட்டினால் சேனல் பட்டியல் கிடைக்கும். அப்புறம் டிவிபிவி5-ஜாப் (dvbv5-zap) கட்டளைக்குச் சேனல் பெயர், கோப்பின் பெயர், எத்தனை நொடி என்று சொன்னால் சரி, ஸ்கிரிப்ட் முடிந்தது. அதைக் குறித்த நேரத்தில் ஓடவைக்க, ஒருநாள் பதிவுக்கு 'ஆட்' (at), தினசரிக்கு 'கிரான்' (cron).

எனக்கு அடி விழுந்தது கிரானில்தான். கோப்பின் பெயரில் தேதி வரட்டும் என்று டேட் (date) கட்டளையை, அதன் % குறிகளோடு, கிரான் வரியிலேயே எழுதினேன். மூன்று நாள் ஒரு கோப்பும் இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தட்டோடு வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார். கிரான் வரியில் % குறி வந்தால் கட்டளை அங்கேயே முடிந்துவிடுகிறது. மீதியை அது உள்ளீடாக எடுத்துக்கொள்கிறது. தேதியை ஸ்கிரிப்டுக்குள் வையுங்கள், கிரானில் ஸ்கிரிப்டின் முழுப் பாதையை மட்டும் கொடுங்கள்.

நேர மண்டலத்தையும் கோலாலம்பூருக்கு மாற்றிவிடுங்கள். யூடிசியிலேயே (UTC, உலகப் பொது நேரம்) விட்டால் பதிவு 8 மணி நேரம் பிந்தித் தொடங்கும். ராஸ்பெரி பை 4 மாதிரியான சிறு கணினிப் பலகையில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது; மின்சாரம் போய் வந்தால், இணையம் கிடைக்கும்வரை அதன் நேரத்தை நம்ப முடியாது.

இரண்டு நிமிடம் முன்னதாகத் தொடங்கி ஐந்து நிமிடம் தள்ளி நிறுத்துங்கள். டிஎஸ் (.ts, ஒளிபரப்பில் வரும் வடிவம்) கோப்பாகவே சேமியுங்கள். எம்பி4 பாதியில் அறுந்தால் பெரும்பாலும் திறக்காது. டிஎஸ் அறுந்த இடம்வரை ஓடும். நொடிக்கு 8 மெகாபிட் என்றால் மணிக்கு 3.6 ஜிகாபைட் ஆகும். அதனால் வட்டு ஃபேட்32 (FAT32) என்ற கோப்பு முறையில் வேண்டாம், ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தொட்டதும் பதிவு நின்றுவிடும். எங்கள் ஸ்கிரிப்டின் கடைசி வரி, ஏழு நாள் பழைய கோப்புகளை அழிக்கிறது.