தேர்வு எழுதிக் கிரெடிட் வாங்கலாமா?

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு கவுண்டிக் கல்லூரியில் சேர்கிறாள். இரண்டு ஆண்டு கழித்து மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதாக எண்ணம். பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய பாட அலகான கிரெடிட் ஒன்றுக்கு இங்கே 200 டாலர் கேட்கிறார்கள். வகுப்புக்குப் போகாமலே கல்லூரிப் பாடத்துக்குக் கிரெடிட் வாங்க உதவும் கிளெப் (CLEP) தேர்வை எழுதினால் ஒரு பாடம் நூறு டாலரோடு முடிந்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பத்துத் தேர்வுகளுக்கான பயிற்சித் தொகுப்பை 1,800 டாலருக்குத் தருவதாக ஒரு நிறுவனமும் தினமும் தொலைபேசியில் அழைக்கிறது. வாங்கலாமா? (எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: தொகுப்பு வேண்டாம். தேர்வை எழுதட்டும், ஆனால் நாளைக்கே அல்ல.

உங்கள் நண்பர்கள் சொன்ன கணக்கு சரிதான். மூன்று கிரெடிட் பாடத்துக்குக் கல்லூரியில் 600 டாலர், புத்தகச் செலவு வேறு. காலேஜ் போர்டு என்ற தேர்வு அமைப்பு 1967 முதல் நடத்திவரும் கிளெப் தேர்வுக்கு நூறு டாலருக்குச் சற்றுக் குறைவு. தேர்வு மையம் தனியாக ஒரு கட்டணம் வாங்கும், அவ்வளவுதான். உளவியல், சமூகவியல், அமெரிக்க அரசியல், கால்குலஸ் என்று முப்பதுக்கு மேல் தேர்வுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒன்றரை மணி நேரம். மதிப்பெண் 20 முதல் 80 வரை. 50 வாங்கினால் கிரெடிட் தரலாம் என்பது அமெரிக்கக் கல்விக் கவுன்சிலின் பரிந்துரை. கட்டுரை எழுத வேண்டிய ஓரிரு தேர்வுகளைத் தவிர, எழுதி முடித்ததும் மதிப்பெண் திரையிலேயே வந்துவிடும்.

'பரிந்துரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதை ஏற்பதும் ஏற்காததும் கல்லூரியின் விருப்பம். என் அக்கா மகன் இதில் மாட்டிக்கொண்டான். காலேஜ் அல்ஜீப்ரா தேர்வில் 61 வாங்கிவிட்டு வீட்டில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தான். கல்லூரியும் அவன் கணக்கில் மூன்று கிரெடிட் எழுதிவிட்டது. ஆனால் அவன் எடுத்திருந்தது கணினி அறிவியல், அங்கே கணிதம் கால்குலஸில்தான் தொடங்குகிறது. அல்ஜீப்ரா விருப்பப் பாடங்களின் வரிசையில் போய் உட்கார்ந்தது. அந்த வரிசையோ ஏற்கெனவே நிரம்பியிருந்தது. மூன்று கிரெடிட் கூடியது. பட்டத்துக்குப் படிக்க வேண்டியதில் ஒரு பாடம்கூடக் குறையவில்லை.

உங்கள் மகளுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு, ஏனென்றால் அவள் நடுவில் மாறப்போகிறாள். கவுண்டிக் கல்லூரி ஏற்ற தேர்வை, இரண்டு ஆண்டு கழித்துப் பல்கலைக்கழகம் தன் விதிப்படி மறுபடியும் அளந்து பார்க்கும். அங்கே 50 போதாமல் போகலாம், அந்தத் தேர்வே அவர்கள் பட்டியலில் இல்லாமலும் போகலாம். ஆகவே இரண்டு இடத்துக்கும் மகளே மின்னஞ்சல் எழுதட்டும். 'கிளெப்பை ஏற்கிறீர்களா?' என்று கேட்டால் 'ஏற்கிறோம்' என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாக வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 'இந்தத் தேர்வில் இத்தனை மதிப்பெண் வாங்கினால், என் பட்டத்துக்கு வேண்டிய எந்தப் பாடத்துக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்வீர்கள்? பாட எண் என்ன? இப்படி மொத்தம் எத்தனை கிரெடிட் வரை எடுப்பீர்கள்?' என்று கேட்கச் சொல்லுங்கள். வரும் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். ஆலோசகர் மாறினால் அதுதான் கையில் இருக்கும் சாட்சி. மருத்துவம் படிக்கும் ஆசை இருந்தால் உயிரியலையும் வேதியியலையும் தேர்வால் கடக்க வேண்டாம். பல மருத்துவக் கல்லூரிகள் அவற்றை வகுப்பிலும் ஆய்வகத்திலும் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன.

இனி அந்த 1,800 டாலர். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அறக்கட்டளை கிளெப் பாடங்களை இணையத்தில் இலவசமாக நடத்துகிறது. பாடத்தை முடித்தவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரையும் தருகிறது. அதற்குமேல் பயிற்சி வேண்டுமென்றால் ஊர் நூலகத்தில் வழிகாட்டிப் புத்தகம் கிடைக்கும். இலவசமாகக் கிடைப்பதற்கு அட்டை போட்டு விற்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு சிறு எச்சரிக்கைகள். தேர்வில் தவறினால் அதே தேர்வை மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இன்னொன்று, அரசு கல்வி உதவித்தொகை வாங்குகிறவர்கள் முழுநேர மாணவராக இருக்கப் பருவத்துக்கு 12 கிரெடிட் எடுக்க வேண்டும், அந்தப் பன்னிரண்டில் கிளெப் சேராது. எஃப்-1 விசாவில் வந்த மாணவர்களுக்கும் இதே கதைதான்.

கேள்வி: வகுப்புக்கே போகாமல், தேர்வுகள் மட்டும் எழுதி முழுப் பட்டமும் வாங்கிவிடலாமா? 'பணி அனுபவத்தை வைத்து ஆறு வாரத்தில் பட்டம்' என்று எனக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. (டல்லாஸ்)

பதில்: ஏறக்குறைய வாங்கலாம், ஆனால் அந்தச் செய்தி காட்டும் வழியில் அல்ல. நியூ ஜெர்சியின் தாமஸ் எடிசன் ஸ்டேட் பல்கலைக்கழகம், நியூயார்க்கின் எக்ஸெல்சியர், கனெக்டிகட்டின் சார்ட்டர் ஓக் ஆகிய மூன்றும் 1970களின் தொடக்கத்தில் வேலைக்குப் போகும் பெரியவர்களை நினைத்தே தொடங்கப்பட்டவை. வெளியில் சேர்த்த கிரெடிட்டுகளைத் தாராளமாக ஏற்பவை. முறையான அங்கீகாரமும் உண்டு.

ஆனால் இளநிலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும். கிளெப் தருவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்கள். பிந்தைய இரண்டு ஆண்டுப் பாடங்களுக்கு டிஎஸ்எஸ்டி போன்ற வேறு தேர்வுகளையோ கல்லூரியின் சொந்தப் பாடங்களையோ தேட வேண்டும். பொதுவாகக் கடைசியில் நிறைவுப் பாடம் ஒன்றை அங்கேயே படிக்கவும் வேண்டும். ஆகையால் தேர்வுக் கட்டணங்களை மட்டும் கூட்டிப் பார்த்து 'பட்டத்தின் விலை இவ்வளவுதான்' என்று முடிவு கட்டாதீர்கள். சேர்க்கைக் கட்டணத்தையும் பட்டமளிப்புக் கட்டணத்தையும் முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறு வாரப் பட்டம் வெறும் காகிதம். யார் அங்கீகாரம் தந்தது என்று கேட்டால் கம்பீரமான ஒரு பெயரைச் சொல்வார்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் இணையப் பட்டியலில் அந்தக் கல்லூரியைத் தேடிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடலாம். பிற்பாடு இந்தியா திரும்பி வேலை தேடும் எண்ணம் இருந்தால், இணையவழி வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று கிடைக்குமா என்பதைச் சேரும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: என் மகன் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் எட்டு ஆண்டு படித்தவன். தமிழுக்குக் கல்லூரிக் கிரெடிட் உண்டா?

பதில்: கிளெப்பில் இல்லை. அங்கே ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றுதான். ஆனால் மொழித்திறனை அளக்கும் ஆக்ட்ஃபல் (ACTFL) அமைப்பின் வாய்மொழித் தேர்வுப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. தேர்வாளர் அரை மணி நேரம் வரை பேச்சுக் கொடுத்துத் தரம் போடுவார். கல்லூரி ஏற்றால் மொழிப் பாடத் தேவையை அதைக் கொண்டே தீர்த்துக்கொள்ளலாம். மேலே சொன்ன மின்னஞ்சலை இங்கேயும் முதலில் அனுப்புங்கள். பையனை இன்றிலிருந்தே தாத்தாவோடு தொலைபேசியில் பேச விடுங்கள், நடுவில் ஆங்கிலத்துக்குத் தாவாமல்.