விட்ட இடத்திலிருந்து எழுதுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பெங்களூர் ஹலசூருவில் 14 ஆண்டுகளாக வசிக்கிறேன். கன்னடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு புது நோட்டு வாங்குகிறேன். பத்து நாள் ஒழுங்காக நடக்கும். பிறகு வீட்டில் யாருக்காவது காய்ச்சல், அல்லது ஊரிலிருந்து விருந்தினர் என்று மூன்று நாள் விட்டுப்போகும். அதோடு மனம் வெறுத்து மூடி வைத்துவிடுவேன். மறுபடி தொடங்கும்போது பழைய நோட்டைத் தொடப் பிடிக்காமல், முதலிலிருந்து ஒழுங்காகச் செய்வோம் என்று வேறு நோட்டில் 'அ, ஆ' எழுத ஆரம்பிக்கிறேன். இப்படி நான்கு நோட்டுகள் சேர்ந்துவிட்டன. மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கன்னடப் பாடத்தில் சந்தேகம் கேட்டால், பக்கத்து வீட்டுக்கு அனுப்புகிறேன். எனக்கு மன உறுதி இல்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஹலசூரு

பதில்: மன உறுதி இல்லாதவர் நான்காவது நோட்டை வாங்கியிருக்க மாட்டார், சகோதரி. அந்த நான்கையும் ஒன்றாக மேசைமேல் விரித்து வைத்துப் பாருங்கள். நான்கிலும் முதல் பத்துப் பக்கங்கள் ஒரே பாடமாக இருக்கும். உயிரெழுத்துகளை நான்கு முறை கற்றிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த பாடத்தை ஒருமுறைகூடத் தொட்டிருக்க மாட்டீர்கள். நான் ஊகிப்பது சரியென்றால், உங்கள் நோட்டுகள் நின்றுபோகும் இடம் 'க' வரிசையாகத்தான் இருக்கும். தமிழில் ஒரே 'க' என்று எழுதி இடத்துக்கு ஏற்றபடி ஒலிக்கும் நமக்கு, கன்னடத்தில் அதே இடத்தில் நான்கு தனித்தனி எழுத்துகள் எதிரே வந்து நிற்கும்போது கை தயங்குவது இயல்பு. ஏற்றம் தொடங்கும் அந்த இடத்தில் மூன்று நாள் இடைவெளியும் சேர்ந்துகொண்டால், மனம் எளிதான 'அ, ஆ'வுக்கே திரும்பி ஓடுகிறது. அதைத்தான் "முதலிலிருந்து ஒழுங்காகச் செய்வது" என்று நீங்கள் சொல்கிறீர்கள்.

விட்டுப்போன மூன்று நாளால் உங்களுக்குப் பெரிய இழப்பு எதுவும் இல்லை. அந்த மூன்று நாள் முந்தைய பத்து நாளையும் அழித்துவிட்டதாக நீங்கள் தீர்மானித்ததுதான் இழப்பு. பால் பொங்கி அடுப்பில் கொஞ்சம் வழிந்துவிட்டால் மீதிப் பாலை யாரும் கொட்டிவிடுவதில்லை. அடுப்பைத் துடைத்துவிட்டு இருக்கும் பாலில் காப்பி போடுகிறோம்.

"முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு" என்று நம் ஊரில் சொல்வார்கள். மனத்தின் இந்தப் போக்கை உளவியலாளர்கள் சோதனையிலேயே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1975இல் வெளியான ஓர் ஆய்வில், உணவில் கட்டுப்பாடு காப்பவர்களில் சிலருக்கு மட்டும் முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு எல்லோரையும் ஐஸ்கிரீமை வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். மில்க் ஷேக் குடித்தவர்கள் குடிக்காதவர்களைவிட அதிகமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு ஒருமுறை உடைந்துவிட்டது, இனி அன்றைக்குக் காப்பதற்கு ஒன்றுமில்லை என்று மனம் கணக்கை முடித்துக்கொள்கிறது. நீங்கள் நோட்டை மூடுவதும் அதே கணக்குத்தான்.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 96 பேரை 84 நாள் தொடர்ந்து கவனித்து, ஒரு புதுச் செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற எவ்வளவு காலம் ஆகிறது என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது (84 நாளைத் தாண்டியவை அதுவரை கண்ட போக்கை வைத்துக் கணித்தவை). நடுமதிப்பு 66 நாள். இடையே ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை என்பது அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் செய்தி. பலரும் நம்பும் '21 நாள்' கணக்கு, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், தம் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆவதைக் கவனித்து 1960இல் எழுதியதிலிருந்து பரவியது. 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. லண்டன் ஆய்வில் இருந்தவை தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, உடற்பயிற்சி போன்ற செயல்கள். ஒரு மொழியைக் கற்பது அவற்றைவிடப் பெரிய வேலை. ஆகையால் உங்களுக்கு நீங்களே இன்னும் தாராளமாக நாள் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது நோட்டு வாங்காதீர்கள். இருப்பவற்றில் ஒன்றை எடுத்து, எழுதி நின்ற பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டு, 'க' வரிசையைத் தொடங்குங்கள். முந்தைய பாடம் கொஞ்சம் மறந்திருந்தாலும் திரும்பிப் போக வேண்டாம். எந்தப் பாடத்திலும் அந்த உயிர்கள் வந்துகொண்டேதான் இருக்கும். நாளுக்கு ஒரு பக்கம் என்பதையும் கைவிடுங்கள். ஒரு சொல் போதும். எழுதவே முடியாத நாளில், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது எதிரே இருக்கும் கடைப் பலகை ஒன்றைப் படித்தால் அன்றைய கணக்கு தீர்ந்தது. பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024இல் கர்நாடக அரசு சட்டம் திருத்தியபின், தெருவெங்கும் உங்களுக்குப் பாடநூல்தான்.

சொற்களைப் பொறுத்தவரை, தமிழராகிய உங்களிடம் பாதி மூலதனம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழில் 'ப'வில் தொடங்கும் பழைய சொற்கள் பல கன்னடத்தில் 'ஹ'வில் தொடங்கும். பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, புலி ஹுலி, பத்து ஹத்து. கிருஷ்ணகிரிப் பக்கத்து வேப்பனப்பள்ளி என்ற ஊர்ப்பெயரில் இருக்கும் 'பள்ளி'தான் பெங்களூர் மாரத்தஹள்ளியின் 'ஹள்ளி'. நீங்கள் 14 ஆண்டுகளாக முகவரியில் எழுதிவரும் ஹலசூருவிலும் பலாப்பழம் இருக்கிறது: கன்னடத்தில் அது ஹலசு. காலையில் பால் பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போது அதில் கன்னடத்தில் அச்சிட்டிருப்பதை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். இந்த வேலைக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை; பால் வாங்காத நாள் வீட்டில் இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலக்கணம் சரியாக வந்தபின் பேசுவோம் என்று காத்திருப்பவராகவும் நீங்கள் இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். ஹலசூருவில் பூக்காரரும் காய்கறிக்காரரும் நம் முகத்தைப் பார்த்தவுடன் தமிழில் பேசிவிடுவார்கள் என்பதால், காத்திருப்பதற்கு அங்கே வசதி அதிகம். நாளைக்குப் பூ வாங்கும்போது "ஒந்து மொள கொடி" என்று கேளுங்கள். ஒரு முழம் கொடுங்கள் என்பதுதான். மூன்று சொல்லும் உங்களுக்குச் சொந்தச் சொற்கள் போலவே இருக்கும். அவர் தமிழில் பதில் சொன்னால், "கன்னட கலித்தா இத்தீனி" என்று சொல்லிப் பாருங்கள். கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்பவரிடம் பொறுமையாகப் பேசாத பூக்காரரை இந்த ஊரில் நான் இன்னும் பார்க்கவில்லை.

செல்பேசிச் செயலிகளில் 'தொடர்ச்சியாக இத்தனை நாள்' என்று ஓர் எண் ஏறிக்கொண்டே போகும். ஒருநாள் தவறினால் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். உங்களைப் போன்றவர்களுக்கு அது ஒத்துவராது என்பது என் உறுதியான கருத்து. சமையலறை நாட்காட்டியில் படித்த நாளை மட்டும் வட்டமிட்டு, மாத முடிவில் எண்ணுங்கள். முப்பதில் பதினெட்டு வட்டம் இருந்தால் பதினெட்டு நாள் படித்திருக்கிறீர்கள். இடையிலுள்ள வெற்று நாட்கள் அதிலிருந்து ஒன்றையும் கழிப்பதில்லை. மகளையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அவளுடைய முதல் வகுப்புப் பாடநூல் வீட்டில் இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு, உங்களுக்குத் தெரியாத எழுத்தை அவளிடமே கேளுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்றவன். தினமும் காலையில் பூங்காவில் 45 நிமிடம் நடப்பது என் நியமம். மழையாலோ வேலையாலோ அவ்வளவு நேரம் கிடைக்காத நாளில் 10 நிமிடம் நடந்து என்ன பயன் என்று போகாமலே இருந்துவிடுகிறேன். இந்த மழைக்காலத்தில் பாதி நாள் அப்படியே போய்விட்டது.
– ஒரு வாசகர், ஜாலஹள்ளி

பதில்: பத்து நிமிடத்துக்கும் பயன் உண்டு, ஐயா. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு இருந்த நிபந்தனையையும் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நீக்கிவிட்டார்கள். ஆகவே நாள் கணக்கை விட்டு வாரக் கணக்குக்கு மாறுங்கள். மழை பெய்யும் காலையில் மாடி வராந்தாவில் பத்து நிமிடம் நடந்து, மாலையில் வானம் வெளுத்தால் பால் பூத்வரை இன்னொரு பத்து நிமிடம் போய்வாருங்கள். ஈரத்தில் பூங்காவின் கல் பாதை வழுக்கும். அன்றைக்கு அங்கே போகாமல் இருப்பதே நல்லது.