பட்டறையை அடகு வைக்காதீர்கள், பாப்பா சிவில் படிக்கட்டும்

பள்ளிபாளையத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். வீட்டை ஒட்டியே விசைத்தறிப் பட்டறை. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், கட்-ஆஃப் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் பெரிய கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் அளவுக்கு இல்லை. பெங்களூரில் இருக்கும் தாய்மாமா மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் பேசி வைத்திருக்கிறார். பணத்துக்குப் பட்டறையை அடகு வைக்க வேண்டும். மகளோ சிவில் இன்ஜினியரிங்தான் என்கிறாள். "பொம்பளைப் பிள்ளை வெயிலில் செங்கல் எண்ணிக்கொண்டு நிற்பதா?" என்று வீட்டில் தினமும் சண்டை.

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் கவுன்சலிங் நெருங்கிவிட்டதால் நேராகச் சொல்கிறேன். பட்டறையை அடகு வைக்காதீர்கள். அந்தத் தறிகள்தான் உங்கள் வீட்டின் மாத வருமானம். அதை ஈடாக வைத்து, மகள் கேட்காத ஒரு படிப்பை வாங்குவதை நான் எந்த நிலையிலும் ஆதரிக்க மாட்டேன். அண்ணன் அக்கறையில்தான் சொல்கிறார், சரி. வட்டி கட்டப்போவது நீங்கள்.

உங்கள் கடிதத்தில் குறையாக எழுதிய ஒரு விஷயம்தான் என்னை நிறுத்தியது. "எந்நேரமும் போனை நோண்டுகிறாள். தறி ஓடும்போது போனை மாடித் தரையில் வைத்து ஏதோ கோடு கோடாகப் படம் எடுக்கிறாள். விரிசல் விட்ட பக்கம் மட்டும் ஏன் வேறு மாதிரி அதிர்கிறது என்று கேட்கிறாள்." அம்மா, இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதையே தொழிலாக வைத்திருக்கும் சிவில் பொறியாளர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதிர்வை அளந்து கட்டமைப்பின் பழுதைக் கண்டறியும் துறை அது. (போன் காட்டும் அதிர்வு வரைபடத்தை வைத்து வீட்டைப் பற்றி முடிவு எடுக்க முடியாது. அந்த விரிசல் பெரிதாகிக்கொண்டே போனால் உடனே ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.)

சந்தையில் பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்போம். விரிசல் இருந்தால் ஓசை செத்துப்போகும். பாலத்துக்கும் கட்டடத்துக்கும் அடிப்படை அதுதான். எந்தக் கட்டமைப்பும் தனக்கென்று சில அதிர்வெண்களில் ஆடும் (அதிர்வெண் என்றால் நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்ற எண்). அதன் விறைப்பும் (வளைந்துகொடுக்காத தன்மை) எடையும் அதைத் தீர்மானிக்கின்றன. உள்ளே கம்பி துருப்பிடித்தாலோ, கான்கிரீட் விரிந்தாலோ விறைப்பு குறையும், அதிர்வெண்ணும் இறங்கும். மொத்த விறைப்பில் 10 சதவீதம் போனால் அதிர்வெண் ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். முடுக்கமானி என்ற, அதிர்வை அளக்கும் சின்னக் கருவிகளைப் பாலத்தின் பல இடங்களில் பொருத்தி, வண்டி போகும்போதும் காற்று அடிக்கும்போதும் அது எப்படி ஆடுகிறது என்று பதிவு செய்வார்கள். அப்புறம் அந்தப் பதிவிலிருந்து அதிர்வெண்களையும் ஆட்டத்தின் வடிவத்தையும் பிரித்தெடுப்பார்கள்.

கேட்க எளிது, செய்வது கடினம். அமெரிக்காவில் அல்புகர்கி நகரில் ரியோ கிராண்டே ஆற்றின் மேல் இருந்த ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தை இடிப்பதற்கு முன்னால், 1993-ல், அதன் இரும்பு உத்தரத்தை வேண்டுமென்றே நான்கு கட்டமாக வெட்டிச் சோதித்தார்கள். தொடக்கத்தில் பாலத்தின் முதல் (மிகக் குறைந்த) அதிர்வெண் நொடிக்கு சுமார் 2.48 முறை. முதல் மூன்று வெட்டுகளுக்கு அது அசைந்ததாகவே சொல்ல முடியாது. உத்தரத்தின் அடிப்பட்டை முழுவதும் அறுந்த நான்காவது வெட்டில்தான் 2.30-க்கு இறங்கியது. முழுப் பாலமும் சேர்ந்து ஆடும் ஒற்றை எண்ணில் ஓரிடத்துக் காயம் அமுங்கிப்போகும் என்று அன்று தெரிந்தது.

சுவிட்சர்லாந்தில் இசட் 24 என்ற பாலத்தின் கதை இன்னும் முக்கியம். 1998-ல் இடிப்பதற்கு முன் ஏறக்குறைய ஒரு வருடம் தொடர்ந்து அதன் அதிர்வைப் பதிவு செய்தார்கள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போனபோது மேலே போட்டிருந்த தார் இறுகி, அதிர்வெண் சட்டென்று ஏறியது. பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, வெறும் குளிர்தான். இது தெரியாமல் எண்ணை மட்டும் பார்க்கிறவர், வெயிலேறித் தார் இளகும்போது அதிர்வெண் இறங்குவதைக் கண்டு பாலம் பழுதாகிவிட்டது என்று அறிக்கை எழுதிவிடுவார்.

மாமாவிடம் நான் சொல்ல நினைப்பது இதைத்தான். 'இனி எல்லாம் டேட்டா, எல்லாம் ஏ.ஐ.' என்கிறார். இந்தத் துறையிலும் டேட்டா குவிகிறது, இயந்திரக் கற்றலும் வந்துவிட்டது. ஆனால் தார், வெப்பம், பாலம் உட்காரும் தாங்கி, கான்கிரீட் என்று ஒவ்வொன்றும் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தவர் கையில்தான் அந்த டேட்டாவுக்குப் பொருள் கிடைக்கிறது. சிவில் படிக்கும் பெண் பைத்தான் என்ற கணினி மொழியைத் தானாகவே கற்றுக்கொள்ளலாம். கட்டமைப்புகள் எப்படி ஆடும் என்று கணக்கிடும் கட்டமைப்பு இயக்கவியலை அப்படி வார இறுதியில் கற்றுவிட முடியாது.

நம் ஊரில் இதற்கு வேலை இருக்கிறதா? 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் குழு சென்சார்கள் பொருத்திக் கண்காணித்தது. பாதுகாப்புக் கருதி 2022 டிசம்பரில் அதில் ரயில் நிறுத்தப்பட்டது, 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்தது. சென்னை தரமணியில் மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பாலம், கோபுரம், அணுமின் நிலையக் கட்டமைப்பு எனப் பலவற்றையும் ஆராயும் இடம் அது. ரயில்வே, மெட்ரோ, நெடுஞ்சாலை, காற்றாலை என்று எங்கும் வயதாகும் கட்டமைப்புகள் இருக்கின்றன. வெயிலில் செங்கல் எண்ணும் பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சென்சார் பொருத்தப் பாலத்தின் மேல் ஏறத்தான் வேண்டும். மிச்ச வேலை பெரும்பாலும் கணினி முன்னால்.

ஒளிக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். பி.இ. சிவில் முடித்த கையோடு ஐ.டி. சம்பளம் வராது. இந்தத் துறைக்குள் நுழைய முதுகலை கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வருடக் கணக்குப் போடுங்கள். ஆனால் செலவைப் பாருங்கள். சித்தோட்டில் உள்ள ஈரோடு அரசு பொறியியல் கல்லூரியிலும் சேலம் அரசு பொறியியல் கல்லூரியிலும் சிவில் உண்டு. சித்தோட்டுக்கு வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். எம்.டெக். சேர்வதற்கான கேட் என்ற தேசியத் தேர்வில் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ஆராய்ச்சிக்குப் போய் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000.

அவளுக்கு இதில் உண்மையிலேயே நாட்டம் இருக்கிறதா என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். யாரும் சொல்லாமல் போனைத் தரையில் வைத்து, தறி ஓடும்போதும் நின்றபிறகும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். நாட்டத்துக்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தேவையில்லை. அவளைக் கம்ப்யூட்டர் வகுப்பில் உட்கார வைத்தாலும் படித்துவிடுவாள்தான். கடன் வாங்கி அந்த நாட்டத்தை எதற்கு அடக்க வேண்டும்?

கவுன்சலிங்கில் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங்கில் கிண்டி பொறியியல் கல்லூரி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.), சேலம், ஈரோடு என்ற வரிசையில் சிவிலை மட்டும் போடச் சொல்லுங்கள். வரிசையைப் பாப்பாவே தட்டச்சு செய்யட்டும், வேறு யார் கையிலும் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். சேர்ந்த பிறகு கணக்குப் பாடத்தை அலட்சியம் செய்யக் கூடாது, முக்கியமாக வகைக்கெழுச் சமன்பாடுகளும் அணிகளும் (மேட்ரிக்ஸ்). கோடை விடுமுறைப் பயிற்சிக்குத் தரமணி மையத்தில் இடம் உண்டா என்று விசாரித்து விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தோடு அந்த மாடித் தரை வரைபடங்களையும் இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்றாம் வருடத்திலிருந்தே கேட் எழுதலாம்.